சிவப்பு நூலுக்கு மேலே

அந்தக் கோடையில் உறையூருக்கு வந்த கழிச்சல் நோய் தெருவில் ஒரு கோழியைக்கூட விட்டுவைக்கவில்லை. முட்டை விற்றுத்தான் மயிலம்மாள் வீட்டுச் செலவில் பாதியைச் சமாளித்து வந்தாள். கண்ணெதிரே ஒவ்வொன்றாகச் சுருண்டு விழுந்தபின் அவளுக்கு மிஞ்சியது, நோய் வருவதற்கு முன்பு அவை இட்டு, அவள் உமிக்குள் எடுத்துவைத்திருந்த ஒரு கூடை முட்டைதான். அவற்றின்மேல் அடை உட்காரப் பெட்டைக்கோழி எங்கே இருக்கிறது?

அவள் கணவன் வீரமலை கண்டோன்மெண்டில் ஒரு துரை பங்களாவில் தோட்டக்காரன். அந்தத் துரைக்குப் புது யந்திரம் எதன்மேலும் ஆசை ஒரு மாதத்துக்குத் தாங்காது. அப்படி ஆசை தீர்ந்து கொட்டகையில் கிடந்த குஞ்சு பொரிக்கும் பெட்டியை வீரமலை கேட்டு வாங்கி, வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். மரப்பெட்டி, பக்கத்தில் மண்ணெண்ணெய் விளக்கு, மேலே காற்றுத் துளைகள், உள்ளே ஒரு தெர்மாமீட்டர். அதிலிருந்த எண்கள் இரண்டு பேருக்கும் புரியாது. பங்களா சமையல்காரர் காட்டிக்கொடுத்த இடத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டியிருந்தான்.

"பாதரசம் இந்த நூல்கிட்டயே நிக்கணும். ஏறுச்சுன்னா திரியை இறக்கு, இறங்குச்சுன்னா ஏத்து. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு அவன் வேலைக்குக் கிளம்பிவிடுவான். மாட்டிக்கொண்டவள் அவள். விடியற்காலைக் குளிரில் திரியை ஏற்றுவாள், உச்சி வெயிலில் கூரை ஓடு காய்ந்தால் இறக்குவாள். முட்டைகளைப் புரட்டி வைப்பாள். கைக்குழந்தைக்காரி மாதிரி, எங்கே போனாலும் பாதியில் எழுந்து ஓடி வருவாள். தெருவே அவளைக் கேலி செய்தது. அவளுக்கு அது உறைக்கவே இல்லை. கடைசியில் ஒரு நாள் காலை, ஒரு முட்டையைக் காதருகே வைத்தபோது உள்ளிருந்து கீச்சென்று சத்தம் கேட்டது. அடுத்ததிலும் கேட்டது.

அன்றைக்குப் பார்த்து எதிர்வீட்டு மூக்கன் இறந்துபோனார்.

தெருவில் பிணம் கிடக்கையில் எந்த வீட்டிலும் நெருப்பு எரியக்கூடாது. எடுத்த பிறகுதான் அடுப்பு. மூக்கனின் மகள் உப்பிலியபுரத்திலிருந்து வந்து முகம் பார்க்க வேண்டும் என்பதால் பொழுது சாய்ந்துதான் எடுப்பார்கள் என்று பேச்சு.

பக்கத்து வீட்டு மாரியாயி வாசலில் வந்து நின்றாள். "அடுப்பை அணைச்சாச்சா? வா, போவோம்."

"அணைச்சாச்சுக்கா. நீங்க போங்க, பின்னாடியே வரேன்."

அடுப்பை அணைத்தது நிஜம். விளக்கை அணைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அணைத்தால் உள்ளே கூப்பிடுகிற உயிர்கள் விறைத்துப்போகும். எரியவிட்டால், செத்த வீட்டுக்கு எதிரில் விளக்கெரித்தவள் என்று காலமெல்லாம் பேசுவார்கள். ஜன்னலைச் சாத்தினாள். வெளிச்சம் தெரியாதபடி விளக்குக்கு முன்னால் ஒரு தகரத்தை நிறுத்தினாள். அதுவும் போதாதென்று பெட்டியின்மேல் கம்பளியைப் போர்த்தினாள். மேலே இருந்த காற்றுத் துளைகளையும் கம்பளி மூடிக்கொண்டதை அவள் யோசிக்கவில்லை. எப்படியும் நடுவில் வந்து திரியை இறக்கிவிடலாம் என்று கதவைப் பூட்டிக்கொண்டு போனாள்.

நடுவில் வர முடியவில்லை. மூக்கனின் மனைவி அமிர்தம் அவளைக் கட்டிக்கொண்டு அழுதவள் பிடியை விடவே இல்லை. ஒரு தடவை மயிலம்மாள் மெதுவாக எழப்பார்த்தாள். "எங்க கிளம்பிட்ட? அப்படியென்ன அவசரம்?" என்று மாரியாயி கையைப் பிடித்து உட்காரவைத்தாள். வெயில் ஏறிக்கொண்டே போனது. எதிரே பூட்டிய தன் வீட்டையே பார்த்துக்கொண்டு மயிலம்மாள் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். மூக்கன்மேல் அவளுக்கு இத்தனை பாசமா என்று பெண்கள் வியந்தார்கள்.

பிணத்தை எடுத்ததும் ஓடினாள். கதவைத் திறந்தபோதே அனல் முகத்தில் அடித்தது. பாதரசம் சிவப்பு நூலைத் தாண்டி எங்கோ மேலே நின்றது. முட்டையை எடுத்தாள், விரல் சுட்டது. காதருகே வைத்தாள். ஒவ்வொன்றாக வைத்தாள். ஒன்றிலும் சத்தமில்லை.

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. அடைக்கோழி தினமும் எழுந்து இரை பொறுக்கப் போகாதா? அதுவரை முட்டை ஆறித்தானே கிடக்கும்? ஊரோடு ஒத்து விளக்கை அணைத்து, கம்பளியைப் போர்த்திவிட்டுப் போயிருந்தால் தாங்கியிருக்கும். பிறந்ததிலிருந்து கோழி வளர்ப்பவளுக்கு இது தெரியாததா? தெரியும். பெட்டி வந்ததும் கோழியை மறந்துவிட்டாள்.

வேலையிலிருந்து நேரே சுடுகாட்டுக்குப் போன வீரமலை குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தான். தெருவில் எல்லா வீட்டிலும் அடுப்பு புகைந்தது. தன் வீடு மட்டும் இருண்டு கிடந்தது. மயிலம்மாள் முட்டைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன புள்ள, இன்னும் அடுப்பு பத்தவைக்கலையா? அதான் எடுத்தாச்சே."

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நம்ம வீட்டுல இன்னும் எடுக்கலைங்க."