மணமாகாதவனின் மனைவி

கிழக்கு வெளுத்து, செம்பனைத் தோட்டங்களின்மேல் கவிந்திருந்த மூடுபனி மெல்ல விலக, நெடுஞ்சாலையில் தென்முகமாய் விரையும் ஊர்திகளின் இரைச்சல் சேவற்குரலையும் விழுங்கிக்கொள்ள, செனாய்த் தொழிற்சாலைகளுக்கு ஆளேற்றும் பேருந்துகள் தெருமுனைதோறும் நின்று நகர, மலாய் நாட்டின் ஜொகூர் மாநிலத்துக் கூலாய் நகரம் சோம்பல் முறித்தெழுந்த ஒரு செவ்வாய்க்கிழமைக் காலை அது. அவ்வூர்ப் பக்கத்து நில அலுவலகம் ஒன்றின் வாயிலில், கதவு திறக்கும் முன்னரே வந்து, ஒரே பலகையின் இரு முனைகளில் அமர்ந்திருந்த பெண்கள் இருவரை, படிக்கும் பெருமக்களே, சற்றே உற்று நோக்குவீராக.

ஒருத்தி லோஷினி, ஜொகூர் பாருவில் தனியார் கல்லூரி ஒன்றில் சட்டத்தின் முதற்பாடத்தையும் அதன் வரலாற்றையும் கற்பிப்பவள். மற்றவள் சந்திரமதி; லோஷினியின் அண்ணன் வசந்தனுக்குக் கழுத்தை நீட்டிப் பதினான்கு ஆண்டுகள் அவனோடு வாழ்ந்தவள். மூன்று திங்களுக்கு முன் வசந்தன் நெஞ்சுவலியால் மாண்டான். பிள்ளையில்லை, பெற்றோர் முன்னரே போய்ச் சேர்ந்துவிட்டனர். அவன் பெயரில் எஞ்சியது இருவர் உழைப்பும் கலந்த ஒரு வீடு. அவ்வீடு மனைவிக்கா, தங்கைக்கா என்று முடிவு செய்யும் விசாரணை அன்று.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டாம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் வரை, குலவழக்கப்படி நடந்த மணத்தையே சட்டம் மணமெனக் கொண்டது; அதன்பின், பதிவாளர் முன் நடந்து ஏட்டில் ஏறாத மணத்தை அது மணமாகக் கொள்வதில்லை. ஆண்டுதோறும் இப்பாடத்தை லோஷினி சுவைபட நடத்துவாள். “தாலி சாமிக்கு, கையெழுத்து கவர்மெண்டுக்கு லா!” என்பாள், மாணவர் சிரிப்பர். ஊருக்கு உபதேசம் செய்த அந்த நாவுக்குத் தன் வீட்டில் மட்டும் பூட்டு விழுந்திருந்தது.

வசந்தன் மணந்தது தோட்டத்துக் கோவிலில். பூசை முடிந்ததும் கோவில் செயலாளர் முத்திரை குத்திக் கொடுத்த வாழ்த்துச் சான்றிதழையே பதிவென்று நம்பி, மணமக்கள் அதைக் கண்ணாடிச் சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டினர். அது செல்லாத தாள் என்பதைச் சட்டம் படித்த ஆண்டே லோஷினி அறிந்தாள். வாழும் வீட்டில் மறுபடி மணம் பதியச் சொல்வது அமங்கலம் என்று முதலில் வாய் மூடினாள். அண்ணன் வீடு வாங்கிய பின்போ, அமங்கலத்துக்காக அன்றி அவ்வீட்டின்மேல் கண் வைத்தே வாய் மூடியிருந்தாள். இதை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

“நம்ம கோயில் சர்டிபிகேட்ட எடுத்துட்டு வந்திருக்கேன். இது போதும்தானே?” என்றாள் சந்திரமதி, நெகிழிப்பையிலிருந்த கண்ணாடிச் சட்டத்தைத் தடவியபடி.

“செல்லாது அண்ணி. நான் என்ன செய்ய முடியும்? சட்டம் அப்படி.”

“இது உனக்கு எப்பலேருந்து தெரியும்?”

லோஷினி கைப்பேசியை நோக்கினாள்.

விசாரணை அறையில் அமர்ந்திருந்த மலாய்ப் பெண் அலுவலர் இனிய முகத்தினர். சந்திரமதி நீட்டிய சான்றிதழை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, பதிவுத்துறைத் தாள் வேறுண்டா என்று வினவினார். இல்லையென்றதும் இரு கைகளாலும் அதனைத் திருப்பித் தந்தார். பின், உறுதிமொழி கூறிய லோஷினியிடம், இறந்தவர் மணமானவரா என்று கேட்டார்.

“பூஜாங், புவான்,” என்றாள் லோஷினி. ‘மணமாகாதவர், அம்மா’ என்பது அதன் பொருள்.

அப்படியானால் இவர் யார் என்றார் அலுவலர்.

அண்ணன் வீட்டில் தங்கியிருந்தவர் என்று மலாய் மொழியில் விடை வந்தது. தொழிற்சாலையில் நாளெல்லாம் அம்மொழி பேசிப் பழகிய சந்திரமதிக்கு ஒரு சொல்லும் தவறாமல் விளங்கியது. அவள் அழவில்லை. நாத்தனாரை நேரே பார்த்துத் தமிழில் கேட்டாள்:

“உங்கண்ணன் பூஜாங்னா, கருமாதி அன்னிக்கு அத்தன பேரு பாக்க என் தாலியக் கழட்டச் சொன்னது யாரு? பூ வைக்காதீங்க, பொட்டு வைக்காதீங்க அண்ணின்னு சொன்னது யாரு? நீதானே லோஷினி? பொண்டாட்டியா இல்லாதவ எவனுக்குத் தாலி அறுத்தா, சொல்லு!”

அலுவலர் எழுதுகோலை நிறுத்தி, அவர் என்ன சொல்கிறார் என்றார். “துக்கத்துல ஏதோ பேசுறாங்க,” என்று மலாயில் மொழிந்துவிட்டு, லோஷினி குறித்த இடத்தில் கையெழுத்திட்டாள். அவ்வளவே, வீடு கைமாறியது. வீட்டைக் காலிசெய்யச் சந்திரமதிக்கு ஒரு திங்கள் தவணையும் தந்தாள், பெரிய மனம் படைத்தவள்போல.

லோஷினி அங்கு உரைத்தவற்றுள் சட்டத்துக்கு மாறான சொல் ஒன்றுமில்லை என்பதே, அன்பரே, என் நெஞ்சைச் சுடுகிறது. சட்டத்தை நான் நோகேன். ஏட்டில் உள்ளதை மட்டும் அறிந்த அதனிடம் சந்திரமதியின் பெயரை யாரும் கொண்டுசேர்க்கவில்லை. கொண்டுசேர்க்க அறிந்தவள் ஒருத்தி அக்குடும்பத்திலேயே இருந்தாள். கைம்பெண்ணாக்க வேண்டிய ஒரு நாளில் மட்டும் சந்திரமதியை மனைவியென்று ஒப்புக்கொண்டாள். பின் மனைவியெனும் அவ்வுரிமையைப் பறித்துக்கொள்ள அவளுக்கு ஒரு கையெழுத்தே போதுமாயிருந்தது.