மூன்றாவது கொதிகலனை அணைக்காதவர்

1

இந்தக் கதை எனக்குச் செந்துறை பஸ்ஸில் கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்த வாசகி, "ஒங்க நாவல்ல புருஷன்மாருங்க கடைசியில நல்லவங்களாயிடுறாங்க மேடம். எங்க வூட்டுக்காரரையும் ஒருதடவ பாத்துச் சொல்லுங்க" என்றார். அவருக்கு ஹேமலதா என்று பெயர் வைத்திருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "அந்தி வெயில் ஆலையின் புகைபோக்கியில் சாய்ந்தபோது ஹேமலதாவின் நெஞ்சு…"

(வேண்டாம். அதற்குமேல் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும்.)

நேராகச் சொல்கிறேன். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலை. அதன் மின்சாரத்துக்கு மூன்று கொதிகலன்கள். நாளை எது ஓட வேண்டும், எவ்வளவு தர வேண்டும் என்று செலவு குறைவாக வரும்படி கணக்கிடுவது ஒரு கம்ப்யூட்டர் நிரல். அதைக் கவனிப்பவர் ஹேமலதா. மூன்றாவது கொதிகலனின் இன்ஜினியர், அவர் கணவர் ராஜவேல்.

மூன்றாவது பழசு, நிலக்கரியை அதிகம் தின்னும். மின்தேவை குறைந்தால் நிரல் அதைத்தான் முதலில் அணைக்கச் சொல்லும். மூன்று மாதமாகச் சொல்லவில்லை. ஹேமலதா தோண்டிப் பார்த்தார். அணைத்ததை மறுபடி மூட்ட ஆகும் செலவு, நான்கு மடங்காக ஏற்றப்பட்டிருந்தது. அதை நம்பிய நிரல், அணைக்காமல் விடுவதே மலிவு என்று முடிவு செய்திருந்தது.

எண்ணை மாற்றியிருந்தது ராஜவேலின் பாஸ்வேர்டு.

3

குடும்பக் கதை எழுதுபவளுக்கு உடனே இன்னொரு பெண் வேண்டும். [மலர்க்கொடி வந்த இரண்டு பத்திகளை இங்கிருந்து அழித்தேன்.] ஹேமலதாவின் புத்தியும் அங்கேதான் போயிருக்கிறது: கொதிகலன் ஓடினால்தானே அங்கே ஆட்களும் இருப்பார்கள். காலையில் தோசை வார்த்தபடி கேட்டாராம்.

"ஏங்க, மூணாவது பாய்லர்ல மலர்க்கொடின்னு யாரு?"

"தண்ணி டெஸ்ட் பண்ற பொண்ணு. ஏண்டி, பாய்லருக்குள்ளயா குடித்தனம் நடத்துவாங்க? வெந்துபோயிடும்."

"சிரிக்காதீங்க. நம்பர ஏன் மாத்துனீங்க?"

சிரிப்பு நின்றது.

"அணைச்சு ஆறவிட்டு மூட்டுனா குழாய் தாங்காது ஹேமா. ரெண்டு தடவ கசிஞ்சிடுச்சி. அடுத்தது வெடிக்கும். ஒம்போது ஹெல்பருங்க நிக்கிற எடம். எழுதிக்குடுத்தேன், ரிப்பேரு மாசியிலதான்னுட்டாங்க. ஒன் ப்ரோகிராம்ல பயத்துக்குக் கட்டம் இருக்கா? இருந்த கட்டத்துல போட்டேன்."

"எழுதிக்குடுத்தத காட்டுங்க."

"…வாயாலதான் சொன்னேன்."

"இப்பதான எழுதிக்குடுத்தேன்னீங்க?"

(அவர் தோசையைப் பிட்டாரா, பிடவில்லையா? கேட்க மறந்துவிட்டேன். இப்போது அதுதான் முக்கியமாகப் படுகிறது.)

4

இன்னொன்றையும் ஹேமலதா மெல்லச் சொன்னார். பயத்துக்குக் கட்டம் இருக்கிறதாம். 'கட்டாயம் ஓட வேண்டும்' என்று ஒன்று. அதில் காரணமும், சொல்பவர் பெயரும் எழுத வேண்டும். ராஜவேலுக்கு அது தெரியும்.

"பேரு போட்டா மொதல்ல என்னையத்தான் தூக்குவாங்க" என்றாராம்.

பயந்தவர் பேச்சா? நிலக்கரி கூடுதலாக விற்கட்டும் என்று லாரிக்காரர் தந்த காசுக்குக் கைநீட்டியவர் பேச்சா? இரண்டுக்கும் ஒரே வசனம் பொருந்துகிறது. அதுதான் என்னை உறுத்துகிறது.

5

மாலை நான்கு மணிக்குள் நாளைய திட்டத்தை ஹேமலதா அனுப்ப வேண்டும்.

முடிவு அ: எண்ணைத் திருத்துகிறார். நாளை கொதிகலன் அணைந்து, மறுபடி மூட்டப்படுகிறது. அதன் முன்னால் ராஜவேலும் ஒன்பது பேரும்…

முடிவு ஆ: திருத்தாமல் விடுகிறார். அன்றிலிருந்து அந்தப் பொய்க்கு இரண்டு பேர். அவரை நம்பினாரா, காப்பாற்றினாரா என்று…

இரண்டையும் முடிக்க என்னால் ஆகவில்லை. ஹேமலதாவுக்கே போன் செய்து, என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "கதைதான மேடம், நீங்களே எழுதிக்குங்க" என்று வைத்துவிட்டார். அவர் குரலையும் இப்போது நம்ப முடியவில்லை.

மூன்றாவது முடிவில் ஹேமலதா எண்ணைத் திருத்திவிட்டு, 'கட்டாயம் ஓட வேண்டும்' என்ற அந்தக் கட்டத்தைத் திறக்கிறார். அதில் நான் எழுதலாம் என்று பார்த்தேன். நான் புனைபெயரில் எழுதுபவள். அது அங்கே செல்லாது. மணி மூன்று ஐம்பது. நீங்கள் எழுதுங்கள்.

காரணம்:

பெயர்: