வியாபாரியின் மூன்று மருக்கள்

என் அண்ணனுக்கு அவலட்சணம் என்றால் ஆகாது. கண்ணாடி பார்க்கும்போது மட்டும் விதிவிலக்கு.

ஓவியப் பள்ளி ஆசிரியை ஒருவர் எங்கள் பட்டறைக்கு வந்து, மறுமலர்ச்சிக் காலத்து இத்தாலிய வியாபாரியின் மார்பளவுச் சிலைக்குப் பிளாஸ்டர் நகல் கேட்டார். தொங்கிய தாடை, வலது கன்னத்தில் மூன்று மரு. சிற்பி இருந்ததை இருந்தபடியே செதுக்கியிருந்தான். மாணவர்கள் பார்த்து வரைய வேண்டியதும் அதைத்தான். மூலப் பளிங்குச் சிலையின்மேல் ரப்பர் அச்சு எடுக்க ஒரே முறைதான் அனுமதி. நகல் சரியாக வந்தால் பள்ளிக்கு வேண்டிய சிலைத் தலைகளின் ஆர்டரெல்லாம் எங்களுக்கே. அது கிடைத்தால் அச்சு வேலை எனக்கு என்று அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தான். வருஷக்கணக்கில் உப்புத்தாள் தேய்த்து என் கைரேகையே அழிந்துவிட்டது.

அண்ணன் அச்சை எடுத்துவந்து திறந்தான். உள்ளே மூன்று குழி.

"சே, காத்துக் குமிழி விழுந்திருக்கு."

"அண்ணா, அது மரு. கை வெச்சிடாதே."

"எனக்கே பாடம் எடுக்கிறியா? போய்த் தேய்க்கிற வேலையைப் பாரு."

குழிகளை ரப்பரால் அடைத்தான். வார்த்து எடுத்தால் கிழவர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றார். சிலையின் புகைப்படத்தை முகத்துக்கு நேரே நீட்டினேன். அண்ணனுக்கு முகம் செத்துவிட்டது. அடைத்த ரப்பர் இனிப் பிரியாது.

மகாமேதை விடுவானா? கதவைச் சாத்திக்கொண்டு, அச்சில் அடைத்த தடம் எந்தப் பக்கம் தெரிந்ததோ, நகலிலும் அதே பக்கம் பிளாஸ்டரை உருட்டி ஒட்டினான். அச்சுக்குள் இடம் வலம் மாறித் தெரியும் என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி.

துணியை விலக்கியதும் ஆசிரியை திகைத்தார். "மரு கன்னம் மாறிடுச்சே!"

"தங்கச்சி கை வெச்சிட்டா மேடம். கத்துக்குட்டி" என்றான், கூசாமல்.

அவர் என்னைப் பார்த்தார். "நீங்களா ஒட்டினீங்க? பழகுறவங்க தப்புன்னா பரவாயில்லை. இன்னொரு தடவை அச்செடுக்க அனுமதி கேட்டுப் பாக்கிறேன்."

அண்ணி பின்னாலிருந்து விலாவில் இடித்தாள். "ஆமான்னு சொல்லித் தொலையேன்!"

ஆமாம் என்றால் ஆர்டர் கைவிட்டுப் போகாது. ஆனால் கத்துக்குட்டி கையில் அச்சை யார் கொடுப்பார்கள்?

"நான் இல்லைங்க. அச்சுப் பக்கமே என்னை விட்டதில்லை."

ஆசிரியை பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆர்டரும் அவரோடு போயிற்று, என் அச்சு வேலையும்தான்.

"கூடப் பிறந்தவதானே! ஒரு பொய் சொன்னா குறைஞ்சா போயிடுவே?" என்று அண்ணன் கத்தினான்.

"இத்தனை வருஷமா நீ குறைச்சது போக, இன்னும் குறைய என்கிட்ட என்ன இருக்கு?"

அன்று அண்ணி எனக்குச் சாப்பாடு போடவில்லை. நானே போட்டுச் சாப்பிட்டேன்.