இரண்டு இருமலும் ஒரு மவுஸும்

இக்னேஷியஸின் மீசைக்கு முப்பத்தெட்டு வயது. அவர் ரயில் கார்டாக இருந்த காலத்தில் அந்த மீசை ஒரு பக்கம் துடித்தால் போதும், ஓட்டமாவடிப் பாலத்தில் நிற்கும் மாடுகள் தாமாகவே தண்டவாளத்தை விட்டு இறங்கிவிடும் என்று சொல்வார்கள். சொல்வார்கள் என்றால், அவர்தான் சொல்வார். அப்பேர்ப்பட்ட மீசை அன்று மாலை ஆறு மணிக்குச் சிரைக்கப்பட இருந்தது.

எல்லாம் ஒரு மவுஸால் வந்த வினை. கொழும்பிலிருக்கும் மருமகன் ரொபின் புதுக் கம்பியூட்டர் ஒன்றை அனுப்பியிருந்தான். பழைய லப்டொப்பில் இருந்தது விண்டோஸ், இதில் லினக்ஸ். லப்டொப் மண்டையைப் போட்டுவிட்டாலும் அதனோடு குடித்தனம் நடத்திய வயரில்லாத மவுஸ் கல்லுப்போல இருந்தது. ஆனால் புதுப் பெட்டியை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"ரொபினக் கேளுங்களன்," என்றாள் மனைவி கிளாறிஸ்.

"ரயிலையே நிப்பாட்டினவன் நான். இந்தச் சின்னச் சாமான ஓட்டமாட்டனா?"

"அப்ப ரொபினக் கேளாம, ஆறு மணிக் கோயில் மணிக்கு முதல் ஓட்டிக் காட்டுங்க. காட்டினா இனி ஒங்கட மீசையப் பத்தி நான் வாயே திறக்கமாட்டன். இல்லாட்டி அது போகும். வைக்கிற சூப்பில பாதிய அதுதானே குடிக்கிது!"

மூன்று மணிக்கு "சரி" என்றவர், ஐந்து மணிக்குள் விசயத்தைக் கண்டுபிடித்துவிட்டார். மவுஸின் அடியிலிருக்கும் பொத்தானை அமர்த்திப் பிடித்தால் நீல வெளிச்சம் சிமிட்டும். அப்போது திரையில் புளூடூத் என்பதைத் திறந்து, மவுஸின் பெயரில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் எதனால் தட்டுவது? மவுஸால். ஆக, மவுஸ் ஓட ஒரு மவுஸ் வேண்டும்.

விசைப்பலகையால் முயன்றார். ஆயிரம் தடவை அமர்த்தியிருப்பார். கணக்குப் பார்க்கும் பெட்டி திறந்தது, நாட்காட்டி திறந்தது, எழுத்தெல்லாம் ஏதோ அரபு மாதிரி வலமிருந்து இடம் ஓடியது. புளூடூத் மட்டும் திறக்கவில்லை. குளியலறையில் கிளாறிஸ் சவரக்கத்தியைக் கழுவும் சத்தம் கேட்டது. பாட்டு வேறு.

பக்கத்து வீட்டு வல்லிபுரத்திடம் வயர் மவுஸ் ஒன்று இருந்தது. இளைப்பாறிய தபாற்காரர், ஞாயிறுதோறும் நடக்கும் முந்நூற்றி நாலு சீட்டாட்டத்தில் இக்னேஷியஸின் சோடி. மூன்று வருசமாக இந்தச் சோடியை வாவிக்கரையில் ஒருவரும் வென்றதில்லை. போன ஞாயிறு மட்டும், எதையும் வெட்டும் துரும்பு ஜாக்கைப் போட வேண்டிய இடத்தில் இக்னேஷியஸ் ஒரு சொத்தி ஏழாம் சீட்டைப் போட்டார். தோற்றார்கள். "பிழை உன்னில", "இல்ல, உன்னில" என்று தொடங்கி, ஒரு கிழமையாகப் பேச்சுவார்த்தை இல்லை.

கௌரவமா, மீசையா? கண்ணாடியில் ஒருமுறை மீசையைப் பார்த்தார். நேரே மதிலடிக்குப் போனார்.

"வல்லிபுரம்! ஒன்ட வயர் மவுஸ ஒருக்காத் தா மச்சான்."

மதிலுக்கு மேலால் ஒரு வழுக்கைத் தலை எழும்பியது. "போன ஞாயிறு பிழை ஆரில?"

"என்னிலதான்," என்றார் இக்னேஷியஸ், மீசைக்குள்ளேயே.

"கேக்கல்ல. நீ அண்டைக்கு என்னை ஏசினது ரோட்டுக்கே கேட்டது. இதுவும் ரோட்டுக்குக் கேக்கட்டும்."

ஐந்தே முக்கால். இக்னேஷியஸ் மூச்சை இழுத்தார். ஒலிபெருக்கியில்லாமலே ரயிலின் ஏழு பெட்டிக்கும் கேட்ட குரல் அது.

"வல்லிபுரம் ரெண்டு தரம் இருமினது உண்மை! துரும்பு ஜாக்கப் போடு எண்டுதான் இருமினவன்! நான்தான் மறந்துபோனன்! பிழை என்னில!"

காகங்கள் எழும்பின. வாவியில் தோணி ஓட்டிக்கொண்டிருந்தவன்கூடத் துடுப்பை நிறுத்தியிருப்பான். வல்லிபுரத்தின் முகம் பேயறைந்தது போலாயிற்று. "எட மடையா! இருமலச் சொல்லச் சொன்னனா?"

எதிர்வீட்டு யன்னல் மெல்லத் திறந்தது. அங்கே மெல்றோய் நின்றார். ஒவ்வொரு ஞாயிறும் இவர்களிடம் தோற்றுப்போகிற மெல்றோய்.

"அப்ப அது இருமல் இல்லையா?" என்றார். "மூணு வருசம்! மூணு வருசமா ஞாயிறுக்கு ஞாயிறு கொத்தமல்லி அவிச்சு, சுக்கும் தட்டிப் போட்டு, சுடச்சுடக் கொண்டுவந்து தந்தனே, பாவிகளே!"

வல்லிபுரம் மவுஸை மதிலுக்கு மேலால் நீட்டிவிட்டுத் தலையை உள்ளுக்கு இழுத்துக்கொண்டார்.

இக்னேஷியஸ் ஓடினார். வயரைக் குத்தினார். திரையில் அம்புக்குறி முளைத்தது. புளூடூத்தைத் திறந்து, பொத்தானை அமர்த்த, நீலம் சிமிட்ட, பெயர் வர, ஒரு தட்டு. வயர் மவுஸைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பழைய மவுஸை அசைத்தார். அம்புக்குறி வழுக்கிக்கொண்டு ஓடியது. அந்த நொடியில் கோயில் மணி அடித்தது.

"கிளாறிஸ்! வந்து பார்!"

கிளாறிஸ் சவரக்கத்தியோடு வந்து பார்த்தாள். முகம் விழுந்தது. ஆனால் அவளுக்குப் பின்னால் வாசலில் மெல்றோய் நின்றார், இரண்டு கையாலும் ஒரு பெரிய பானையைப் பிடித்தபடி. ஆவி பறந்தது, கொத்தமல்லி மணத்தது.

"மூணு வருசக் கள்ள ஆட்டத்துக்குத் தெண்டம் வேணும்," என்றார். "ஒண்டில் மீசை. இல்லாட்டி இந்தப் பானை. ஒரு சொட்டும் மிச்சம் வைக்கப்படாது."

கிளாறிஸ் கத்தியை ஆசையோடு நீட்டினாள்.

இக்னேஷியஸ் மதில் பக்கம் திரும்பினார். "வல்லிபுரம்! பாதி ஒனக்கு! வா மச்சான்!"

மதிலுக்கு அப்பாலிருந்து பதில் வந்தது. "நான் மூணு வருசமாக் குடிச்சிட்டன் மச்சான். மறுகா என்ன, இது ஒன்ட முறை."

இக்னேஷியஸ் பானையைத் தூக்கி வாயில் வைத்தார். பாதியை மீசை குடித்தது.