திரைக்குப் பின்னால் பெரிய ஆம்ப்

வீட்டில் இருந்த இரண்டு அறைகளில் ஒன்றில் பெற்றோர் படுத்தார்கள், காற்றோட்டமான மற்றது பாட்டுக் கேட்கும் ஆம்ப்ளிஃபையருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. மகள் ஹாலில் படித்தாள், ஹாலிலேயே தூங்கினாள். சோபாவுக்குப் பின்னால் இருந்த அட்டைப்பெட்டிதான் அவளுக்கு அலமாரி. பள்ளி இறுதித் தேர்வு வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. குக்கர் விசில், வாசல் மணி, பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் அவள் தலையில்தான் விடியும். அப்பா உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்.

நண்பர்கள் அவருக்கு வைத்த பெயர் தங்கக்காது. கிண்டலாகத்தான் வைத்திருப்பார்கள். மனிதர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார். பகலெல்லாம் அச்சகத்தில் மேற்பார்வை வேலை. இயந்திர இரைச்சலில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. முதலாளியின் வசவு மட்டும் எப்படியோ கேட்டுவிடும். சாயங்காலம் அந்த அறையில் நாலு பேரை உட்கார வைத்து, "பேஸ், அந்த அடிச்சத்தம், எப்படி இறங்குது பாத்தீங்களா" என்று சொல்லும்போதுதான் தானும் ஒரு ஆள் என்று அவருக்குத் தோன்றும். அதற்காகச் சேமிப்பையெல்லாம் வழித்துப் போட்டு அந்தப் பெரிய ஆம்பை வாங்கியிருந்தார்.

"பொண்ணு படிக்க ஒரு கதவு வேணும். அந்த ரூமைக் குடுங்க" என்று மனைவி கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். கடைசியில் அவளுடைய தம்பி ஒரு வழி சொன்னான். அவன் மலிவு விலைச் சின்ன ஆம்ப் ஒன்று வைத்திருந்தான்.

"மாமா, ரெண்டையும் திரைக்குப் பின்னாடி வெச்சிடுவோம். ஸ்பீக்கர் உங்களுதுதான். பத்துத் தடவை பாட்டு ஓடும். எட்டுத் தடவை ஓடறது பெருசா சின்னதான்னு சரியா சொல்லிட்டா ரூம் உங்களுக்கு. இல்லன்னா பாப்பாவுக்கு."

"எட்டு என்ன மாப்ளே, பத்தும் சொல்றேன். தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்" என்றார் தங்கக்காது. நண்பர்கள் முன்னிலையில் வேறென்ன சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் கூடினார்கள். திரைக்குப் பின்னால் மாற்றிப் போடும் சுவிட்சோடு மகள் நின்றாள். மனைவியின் தம்பி வந்ததும் வராததுமாகச் செல்போனை நீட்டி இரண்டு ஆம்பின் சத்தத்தையும் அளந்து ஒரே அளவாக்கினான்.

"அது எதுக்கு?"

"சத்தம் ஒரு துளி கூடுனாலே நல்லா இருக்கற மாதிரி தோணும் மாமா. கடையில அப்படித்தான் விக்கறாங்க."

வாங்கப் போன அன்று கடைக்காரர் பெரிய ஆம்புக்கு மாற்றும்போது சத்தக் குமிழை லேசாகத் திருகியது அவருக்கு இப்போது ஞாபகம் வந்தது.

எந்தத் தடவை எது என்று எழுதிய சீட்டு மகளிடம் ஒன்றும் மனைவியின் தம்பியிடம் ஒன்றும் இருந்தது; சரியா தப்பா என்று அவன்தான் சொன்னான். முதல் தடவை சரியாகச் சொன்னார். இரண்டாவது தப்பு. மூன்றாவது ஓடும்போது கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பேஸைத் தேடினார். பேஸ் இருந்தது. எந்த ஆம்ப் ஓடினாலும் ஒன்றுபோலவே இருந்தது. இத்தனை வருஷமாக எதைக் கேட்டோம் என்று அவருக்கே விளங்கவில்லை. குருட்டாம்போக்கில் ஒன்றைச் சொன்னார். அதிர்ஷ்டவசமாகச் சரியாகிவிட்டது.

நாலாவது பாட்டு தொடங்குமுன் திரைக்குப் பின்னால் மகள் இருமினாள்.

"அந்தத் தூசியில நிக்க வெச்சா இருமாம என்ன பண்ணுவா" என்று மனைவி முணுமுணுத்தாள்.

அவருக்கும் எரிச்சலாக வந்தது. "பெருசு" என்றார். சரி. அடுத்த தடவை இருமல் இல்லை. யோசித்து யோசித்துச் "சின்னது" என்றார். சரி. அடுத்தது இருமலோடு வந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பெரிய ஆம்ப் வரும்போது மட்டும் பிள்ளை இருமுகிறாள்.

அங்கேயே எழுந்து நின்று நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. தலையைச் சாய்த்து, ரசிப்பதுபோல் கொஞ்சம் முகத்தைச் சுளித்து, "பெருசு" என்றார். அதன் பிறகு ஒன்றுகூடத் தப்பவில்லை. நண்பர்கள் கைதட்டினார்கள். மனைவியின் தம்பி, "ஒத்துக்கறேன் மாமா" என்று கையைக் கொடுத்தான். மனைவி காபி தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு போனாள்.

எல்லோரும் போன பிறகு ஹாலுக்கு வந்தார். மகள் சோபாவில் காலை மடக்கிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள்.

"இருமல் எப்படிம்மா இருக்கு?" சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"இருமலெல்லாம் ஒண்ணும் இல்லப்பா."

"அப்புறம் ஏன்?"

அவள் புத்தகத்திலிருந்து நிமிர்ந்தாள். "எனக்கு ரூம் இல்லன்னா ஹால் இருக்கு. உங்களுக்கு அந்த ரூமும் இல்லன்னு ஆயிட்டா வேற என்னப்பா இருக்கு?"

கோபமாகச் சொல்லியிருந்தால் அவரும் பதிலுக்குக் கத்தித் தீர்த்திருப்பார். அவள் பாவம் பார்த்துச் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. ரூமை நீயே எடுத்துக்கம்மா என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஜெயித்தவன் ஏன் விட்டுக்கொடுத்தான் என்று அடுத்த வாரம் நாலு பேர் கேட்பார்களே என்ற நினைப்பும் கூடவே வந்தது.

"லைட்டை நல்லாப் போட்டுக்கிட்டுப் படி, கண்ணு கெட்டுடும்" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.