ஒட்டடைக் குச்சியோடு வந்த மாவீரன்

அவளுக்கு மின்னல் என்று பேர் வைத்தவன் வாசலில் டிக்கெட் கிழிக்கிறவன். முழங்கால் வலியோடு அவள் படியேறுகிற அழகைப் பார்த்துவிட்டு வைத்தான். அதற்குப் பிறகு அந்தத் தியேட்டரில் அவளை வேறு பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

மூன்றாம் நம்பர் அரங்கைப் பெருக்குவது மின்னலின் வேலை. ஒரு காட்சி முடிந்து சனம் வெளியேறி, அடுத்த காட்சிக்குக் கதவு திறப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். கொட்டிய பாப்கார்னை அள்ள வேண்டும், சிந்திய குளிர்பானத்தைத் துடைக்க வேண்டும், முன் நாற்காலியின் முதுகில் எவனோ ஒட்டிவைத்துப் போன சூயிங்கத்தைச் சுரண்ட வேண்டும். போன மாதம் ஒரு நாள் கதவைத் திறந்தபோது அவள் இன்னும் உள்ளே குனிந்தபடி இருந்தாள். சூப்பர்வைசர் அன்றைக்கே கறாராகச் சொல்லிவிட்டான்.

"இன்னொரு தடவ உங்களால ஒரு பிரச்சினைன்னு என் காதுக்கு வந்துச்சு, நேரா வீட்டுக்குத்தான்."

வீட்டுக்குப் போனால் அங்கே மாப்பிள்ளை இருப்பார். அதுதான் கவலை. மகளுக்கு ஏழாம் மாதம். துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற வேலை, இந்த மாதத்தோடு நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். அப்புறம் அந்த வீட்டில் அடுப்பு எரிய மின்னலின் துடைப்பம் ஒன்றுதான் துணை. மாப்பிள்ளை வேலை தேடிக்கொண்டிருந்தார். கல்யாணத்தன்று தேட ஆரம்பித்தவர் இன்னும் விடாமல் தேடுகிறார். பெரும்பாலும் படுத்துக்கொண்டே.

சும்மா படுத்திருக்கிறார் என்று சொன்னால் பாவம். 'ஏழுலகக் காவலர்' என்று ஒரு படவரிசை உண்டு. பறக்கிறவன், தீயைக் கக்குகிறவன், சுவருக்குள் புகுந்து போகிறவன் என்று ஏழு காவலர்கள், ஆளுக்கு இரண்டு மூன்று படம். எல்லாப் படமும் ஒன்றோடொன்று சேர்ந்தது. ஒரு படத்தில் செத்தவன் நாலாவது படத்தில் வேறொருத்தனுக்குச் சித்தப்பாவாக வந்து நிற்பான். முதல் படத்தில் ஒருத்தன் தும்மினதற்குக் காரணம் பதினோராம் படத்தில்தான் தெரியும். சொந்தத் தங்கையின் பிள்ளைகளுக்கு எத்தனை வயது என்று கேட்டால் மேலே பார்த்து யோசிக்கிற மாப்பிள்ளைக்கு, இந்தக் காவலர் குடும்பத்தின் உறவுமுறை எல்லாம் அத்துப்படி. படம் வந்த அன்றைக்கே முதல் காட்சி பார்த்து, வெளியே வந்த கையோடு போனைத் தூக்கிப் பிடித்து, "முதல் அபிப்பிராயம்" என்று பேசிப் போடுவார். அதைக் கேட்க ஒரு கூட்டம் இருந்தது. அவரைத் 'தலைவா' என்றது. வீட்டில் அவரை அப்படிக் கூப்பிட ஆள் இல்லாததால் அவருக்கு அந்தக் கூட்டத்தின் மேல் உயிர்.

பதினெட்டாவது படம் மின்னலின் அரங்குக்கே வந்தது. காலைக் காட்சி. கதவு திறப்பதற்கு முன்பே வாசலில் அபிப்பிராயம் களைகட்டிவிட்டது.

"படம் இன்னும் பாக்கல. ஆனா ஒரே வார்த்தையில சொல்லணும்னா, வெறித்தனம்!" என்று ஒருத்தன் போனைப் பார்த்துக் கத்தினான்.

"இருங்க, நான் போஸ்டரப் பாத்துட்டேன். அதுல மூணாவது ஆளோட காலணி பழசு. ஏன் பழசு? யோசிங்க!" என்றான் இன்னொருத்தன்.

உள்ளே போகும்போது பலூன்களும் போயின. காவலர்களின் முகம் அச்சிட்ட பலூன்கள். அதில் ஒன்று கைநழுவி மேலே போய், கடைசி வரிசைக்கு மேல், படம் விடுகிற ஜன்னலுக்குப் பக்கத்தில் கூரையில் ஒட்டிக்கொண்டு நின்றது.

படம் முடிகிற நேரத்துக்கு மின்னல் வாளியும் துடைப்பமுமாகக் கதவோரம் போய் நின்றாள். திரையில் பேர்கள் ஓட ஆரம்பித்தன. மற்ற படங்களில் பேர் ஓடினால் தீப்பிடித்த மாதிரி எழுந்து ஓடுவார்கள். இங்கே ஒருத்தரும் அசையவில்லை. யாராவது மயங்கி விழுந்துவிட்டார்களோ என்று எட்டிப் பார்த்தாள். அப்படியும் இல்லை. ஓடுகிற பேர்களையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பேர்கள் முடிந்த பிறகு அடுத்த படத்துக்குக் குறிப்பாக ஒரு துண்டுக் காட்சி வரும், அதற்காகத்தான் இந்த ரசிகர்கள் வருகிறார்கள் என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

சூப்பர்வைசர் பின்னால் வந்து கிசுகிசுத்தான்.

"என்னம்மா வேடிக்கை? அடுத்த காட்சிக்கு வெளிய சனம் முட்டுது. அந்தப் பலூன் ஜன்னல மறைச்சுதுன்னா என் தலதான் உருளும். இப்பவே எடுங்க."

"ஆளுங்க எழுந்திரிக்கலையே சார்."

"எழுந்திரிக்காட்டி என்ன, படந்தான் முடிஞ்சிருச்சே. ஏறுங்கம்மா."

மின்னல் ஒட்டடைக் குச்சியை எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனாள். யாரும் உட்காராத ஒரு நாற்காலியில் முழங்காலைத் திட்டிக்கொண்டே ஏறினாள். குச்சியை நீட்டிப் பலூனின் நூலைச் சுற்றி இழுத்தாள். அந்த நேரம் பார்த்து பேர்கள் முடிந்து துண்டுக் காட்சி தொடங்கியது. வெறும் பாலைவனம். காற்று. யாரோ ஒருவரின் கனத்த குரல்: "காவலர்கள் ஏழு பேர் என்று யார் சொன்னது?"

திரையில் எட்டாவது ஆள் எழுந்தான்.

வானத்தில் பாதியை அடைக்கிற உடம்பு. ஓரமெல்லாம் புகை மாதிரி கலங்கியிருந்தது. கையில் நீளமான தண்டம், அதன் உச்சியில் கதிர் கதிராக என்னவோ. தண்டத்தை உயர்த்தினான். மேலே மிதந்த ஓர் உருண்டைக் கிரகத்தை ஒரே இழுப்பில் இழுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே அமிழ்ந்து போனான்.

கத்தலில் கூரை பிய்ந்தது.

"வந்துட்டான்டா!"

"கிரகத்தையே தூக்கிட்டான்டா!"

பலூனைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் பின்னால் பதுங்கியிருந்த மின்னல் தலையை இன்னும் கீழே இழுத்துக்கொண்டாள். யாரோ யாரையோ அடிக்கப் போகிறார்கள், அடி வாங்கப்போவது தான்தான் என்று நினைத்தாள். சூப்பர்வைசர் கதவோரம் பேயறைந்தவன் போல நின்றான்.

வெளியே நடைபாதையில் அவள் குப்பைப் பையை இழுத்துக்கொண்டு போனபோது வழிநெடுக அபிப்பிராயமாக இருந்தது. படத்தின் மற்ற இரண்டரை மணி நேரத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. அது சுமார் என்று ஒருத்தன் கையை ஆட்டினான். ஆனால் அந்த நிழல்! ஒருத்தன் அழுதான். நிஜமாகவே கண்ணீர் விட்டு, போனைத் திருப்பி அதையும் காட்டினான். கூட்டத்தின் நடுவில் மாப்பிள்ளை நின்றார்.

"ஏழாவது படத்துல அந்தக் கிழவன் சாகறப்ப என்ன சொன்னான்? 'இருட்டுக்கும் ஒரு காவல் இருக்கு'ன்னு சொன்னானா இல்லையா? அப்பவே எனக்குப் பொறி தட்டிச்சு. இவன்தான் பேரிருளான். தண்டத்துல இருந்தது சூரியன். சூரியனையே கட்டி வெச்சிருக்கான். கடைசியில இடுப்பப் பிடிச்சான் பாருங்க, அங்க ஒரு பழைய காயம் இருக்கு. அந்தக் காயத்துக்கே தனியா ஒரு படம் வரும்!"

அத்தையைப் பார்த்தும் பார்க்காதவராக அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். குப்பைப் பையோடு உறவு கொண்டாடுகிற இடமா அது.

மறுநாளுக்குள் பேரிருளான் ஊர் முழுக்கப் பரவிவிட்டான். மற்ற தியேட்டர்களில் பார்த்தவர்கள் எங்கள் காட்சியில் அவன் வரவில்லை என்றார்கள். அப்படியானால் வெட்டிவிட்டார்கள், இந்த அரங்கில் மட்டும்தான் முழுப்படம் என்று சனம் இங்கே வந்து குவிந்தது. படத்தை எடுத்த கம்பெனி, அப்படி ஒரு ஆளே எங்கள் படத்தில் இல்லை என்று அறிவித்தது. மாப்பிள்ளை அன்றைக்கு இரண்டு வேளை சாப்பிடவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

"இல்லைன்னு சொல்றாங்கன்னா என்ன அர்த்தம்? இருக்குன்னு அர்த்தம்!"

மின்னல் தட்டை நீட்டிக்கொண்டு தயங்கி நின்றாள்.

"மாப்ள, தப்பா எடுத்துக்காதீங்க. அது நான்தான்."

"எது அத்தை?"

"அந்தப் பேரு என்னமோ சொல்றீங்களே, அவன். பலூன எடுக்க நாற்காலி மேல ஏறினேன். கையில ஒட்டடக் குச்சி."

மாப்பிள்ளை சிரித்தார். கோபப்படாமல், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். "அத்தை, இதெல்லாம் உங்களுக்குப் புரியாது. பதினெட்டுப் படத்தையும் வரிசையா பாத்திருக்கணும். ரசம்... இல்ல, தண்ணி கொண்டாங்க."

உள்ளே படுத்திருந்த மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். "அம்மா, சூரியனக் கட்டி வெச்சிருக்கியாமே. கொஞ்சம் அவுத்து விடேன், துணி காயட்டும்."

சிரிப்பு அந்த ராத்திரியோடு சரி. படக் கம்பெனி தியேட்டர் மேனேஜருக்குப் போன் போட்டது. உங்கள் அரங்கில் படத்துக்குக் குறுக்கே யாரோ வந்திருக்கிறார்கள், யாரென்று கண்டுபிடித்து நடவடிக்கை எடுங்கள் என்றது. மேனேஜர் சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். பலூனை எடுக்கச் சொன்னதே தான்தான் என்பதை சூப்பர்வைசர் வசதியாக விழுங்கிவிட்டு, மின்னலைக் கைகாட்டினான்.

மேனேஜர் அறையில் அவள் நின்றபோது வாசலில் ஒரே கூச்சல். நேற்றைய காட்சிகளில் பேரிருளான் வராததால் ஏன் வெட்டினாய் என்று கேட்க ரசிகர் கூட்டம் வந்திருந்தது. தலைமை, மாப்பிள்ளை.

"யாரும் எதையும் வெட்டல," என்றார் மேனேஜர். "அது இந்தம்மாவோட நிழல். அவங்களே ஒத்துக்கிட்டாங்க."

கூட்டம் மின்னலை மேலும் கீழும் பார்த்தது.

"என்ன சார், காமெடி பண்றீங்களா? இந்தம்மாவா?"

"எங்க உணர்ச்சியோட விளையாடாதீங்க சார்!"

"நிரூபிச்சே காட்டறேன்," என்று சூப்பர்வைசர் துள்ளினான். அவனுக்குத் தன் தலை தப்பினால் போதும்.

எல்லோரும் மூன்றாம் நம்பர் அரங்குக்குப் போனார்கள். அதே துண்டுக் காட்சியை ஓட்டச் சொன்னார்கள். மின்னல் அதே நாற்காலியில் ஏறி, அதே ஒட்டடைக் குச்சியைத் தூக்கினாள். இத்தனை பேர் முன்னால் தன் வேலையைத் தானே தொலைத்துக் காட்டுகிறோமே என்று கை நடுங்கியது. நடுங்கினாலும் திரையில் எழுந்தது அவனேதான். அதே உடம்பு, அதே தண்டம், அதே கதிர்.

எல்லோரும் தலைவனைப் பார்த்தார்கள்.

மேலே நின்றிருந்த மின்னல் அவர் முகத்தைப் பார்த்தாள். மாப்பிள்ளைக்குத் தெரிந்துபோய்விட்டது. முகம் காது மடல் வரை சிவந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் மாமியாருக்கு வேலை போகும். அது அவருக்கு உறைத்ததாகத் தெரியவில்லை. தனக்குத் தலைவன் பதவி போகும் என்பது மட்டும் நன்றாக உறைத்தது.

"இல்ல," என்றார்.

"இல்லவே இல்ல தலைவா!" என்று கூட்டம் மூச்சு விட்டது.

"பேரிருளானுக்குத் தோள் இருந்துச்சு. இதுக்கு எங்க தோள்? அவன் நின்னதுல ஒரு ராஜகளை. இது என்னமோ தண்ணிக் குழாயில வரிசை நிக்கற மாதிரி இருக்கு."

"கை வேற நடுங்குது தலைவா."

"ஆமா, நடிப்பு சுத்தமா வரல."

வேலை தப்பியது என்று மனம் குதிக்க வேண்டிய நேரத்தில் மின்னலுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நிஜமாக வேலை பார்த்தபோது ராஜகளை. பார்க்கச் சொல்லிப் பார்த்தால் நடிப்பு வரவில்லையாம். குச்சியை இறக்காமல் ஒரு நிமிடம் அப்படியே நின்று பார்த்தாள். ஒருத்தனும் மனம் மாறவில்லை.

மேனேஜர் வெளியே எட்டிப் பார்த்தார். டிக்கெட் வரிசை தெருமுனை வரை போயிருந்தது. நிழல் இந்தம்மாவுடையது என்றால் அந்த வரிசை வீட்டுக்குப் போய்விடும். அவர் மனக்கணக்குப் போட்டு முடித்தார்.

"ரசிகர்களே இல்லைங்கறப்ப நாம என்ன சொல்றது? கம்பெனிக்கு அப்படியே சொல்லிடறேன். நீங்க போய் வேலையப் பாருங்கம்மா." பிறகு தரையைப் பார்த்து முகம் சுளித்தார். "இந்தக் கூட்டத்துக்கு நீங்க ஒருத்தர் போதாது. தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க, இன்னிக்கே சேத்துக்கலாம்."

மின்னல் நாற்காலியிலிருந்து இறங்கினாள். முழங்கால் விண்ணென்று தெறித்தது. அந்தத் தெறிப்பிலேயே ஒரு யோசனை வந்தது.

"இருக்காருங்க சார். இந்தப் படம்னா அவருக்கு உசுரு. எப்ப முடியும், எப்ப பேரு ஓடும், எப்ப எழுந்திரிப்பாங்க, எல்லாம் மனப்பாடம். எங்க மாப்பிள்ளை." குச்சியை நீட்டி அடையாளம் காட்டினாள். "இவருதான்."

கூட்டம் வாயைப் பிளந்தது. மாப்பிள்ளை சரேலென்று அவள் பக்கம் திரும்பினார்.

"அத்தை..."

"என்ன தலைவா, உங்க அத்தையா?" என்றான் போஸ்டரில் காலணி பார்த்தவன். அப்புறம் அவன் முகம் பொறாமையில் பழுத்தது. "அப்ப தினமும் நாலு காட்சியும் ஓசியில பாக்கலாமா? பேரிருளான் மறுபடி வந்தா நீங்கதான் முதல்ல பாப்பீங்களா? குடுத்து வெச்சவர் தலைவா!"

"விட்டுடாதீங்க தலைவா! விதி இது!"

இல்லை என்று சொல்ல மாப்பிள்ளை வாயைத் திறந்தார். தன்னைச் சுற்றி நீண்டிருந்த போன்களைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். சூப்பர்வைசர் சீருடைச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து அவர் தோளுக்கு வைத்து அளவு பார்த்தான். கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது.

சனம் கலைந்த பிறகு அரங்கில் அவர்கள் இரண்டு பேர்தான். அடுத்த காட்சிக்குக் கதவு திறக்க நேரமாகிவிட்டது. மாப்பிள்ளை துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு முதல் வரிசையில் போய் நின்றார்.

"அங்க இல்ல மாப்ள," என்றாள் மின்னல். "மேல கடைசி வரிசையில ஆரம்பிங்க. கீழ பெருக்கிட்டு மேல போனா, மேல இருக்கறதெல்லாம் உருண்டு மறுபடி கீழதான் வரும். ஏறுங்க. எனக்குக் கால் வலிக்குது, நான் இங்க உக்காந்து சொல்றேன்."