லெஃப்டுன்னா கிழக்கயா, மேக்கயா?

சீனித்தாயிடம் இடது வலது பேசிப் பிரயோசனம் இல்லை. நாற்பது வயதுவரை அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை. "ஏளா, வடக்க இருக்கிற செம்பை எடு", "கொஞ்சம் தெக்க தள்ளி உக்காரு", "கன்னத்துல கிழக்க மஞ்சள் ஒட்டியிருக்கு, தொடச்சுக்கோ." இதுதான் அவள் பேச்சு. அந்தச் சீமையில் எல்லாருமே அப்படித்தான் பேசுவார்கள். ஆனால் சீனித்தாய்க்கு அது ஒரு பிடி கூடுதல். கண்ணைக் கட்டி ஏழு சுற்றுச் சுற்றி விட்டாலும் கடல் எந்தப் பக்கம் என்று கையை நீட்டிவிடுவாள். அப்பேர்ப்பட்டவளை ஸ்டீரிங் பிடிக்கவைத்து "லெஃப்ட், ரைட்" என்றால் என்ன ஆகும்? பெயில்தான் ஆகும். ஆனாள்.

அவள் ஏன் ஸ்டீரிங் பிடித்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவள் புருஷன் செல்வதுரைக்குத் தூத்துக்குடி மார்க்கெட் பக்கம் கருப்பட்டிக் கடை. புதுத் துறைமுகம் திறந்து ஊரில் லாரியும் ஜீப்பும் பெருகின சமயத்தில், அவரும் ஆசைப்பட்டுப் பழைய அம்பாசிடர் ஒன்று வாங்கினார். ஆறே மாதத்தில் டிரைவர் துபாய்க்குப் போய்விட்டான். சரி, நாமே ஓட்டுவோம் என்று செல்வதுரை இறங்கினார். முதல் நாளே கடைக்குச் சரக்குக் கொண்டுவந்த மாட்டு வண்டியின் மேல் போய் முட்டினார். மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாட்டைவிட அவர்தான் மிரண்டு போனார். அன்றோடு சாவியைக் கடைச் சுவர் ஆணியில் மாட்டியவர்தான், தொடவே இல்லை.

"ஓடாத வண்டிக்குத் தீவனம் எதுக்கு? ஜவுளிக்கடை கிருபாநிதி அண்ணாச்சி கேட்டுக்கிட்டே இருக்காக. கொடுத்துருவோம்" என்றார் ஒருநாள்.

இருபது வருஷமாகச் சீனித்தாய் எங்கே போவதென்றாலும் யாரையாவது கேட்டுத்தான் போயிருக்கிறாள். துணைக்கு ஆள் வேண்டும், பஸ் வேண்டும், அவர் வாயிலிருந்து ஒரு "சரி" வேண்டும். அந்த வண்டி வாசலில் நின்ற ஆறு மாதமும், நினைத்தால் திருச்செந்தூர் போகலாம் என்ற நினைப்பே அவளுக்குத் தெம்பாக இருந்தது. போனாளோ இல்லையோ, போகலாமே!

"நான் ஓட்டுதேன்" என்றாள்.

செல்வதுரை சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, அவள் சிரிக்கவில்லை என்று பார்த்துக்கொண்டார். "சரிளா. ஆவணி கடைசிவரைக்கும் டைம். அதுக்குள்ள லைசென்ஸ் வாங்கு. இல்லேன்னா வண்டி அண்ணாச்சிக்கு. பொறவு மூக்கைச் சிந்தப்பிடாது."

சொல்லிக்கொடுக்க வந்தவன் ஜேசுபாதம். அவளைவிடப் பத்து வயது இளையவன். லாரி ஓட்டினவன், தோணிக்காரர் வீட்டுப் பிள்ளை. துறைமுக ரோட்டுக்குப் பக்கத்துப் பொட்டலில்தான் பழக்கம். டெஸ்டும் அங்கேயேதான் நடக்கும். நேரே ஓட்டுவது, கியர் மாற்றுவது, எட்டுப் போடுவது எல்லாம் பதினைந்து நாளில் வந்துவிட்டது. பார்க்கிங்தான் வரவில்லை. நாலு மூங்கில் கம்பை நட்டு, ரோட்டோரம் ரெண்டு வண்டி நிற்பதாக நினைத்துக்கொண்டு, அந்த நடு இடத்தில் பின்னாலேயே வந்து நுழைய வேண்டும்.

"லெஃப்ட் ஒடிங்கக்கா! லெஃப்ட்! ஐயோ, அது ரைட்டு! மாதாவே!"

மூங்கில் படுத்தது. நட்டான். மறுபடியும் படுத்தது.

"தம்பி, சோத்தாங்கை ரைட்டுன்னு எனக்குத் தெரியாமலா இருக்கு?" என்று சீனித்தாய் மூச்சு வாங்கினாள். "முன்னால பாத்தா தெரியுது. கழுத்தைத் திருப்பிப் பின்னால பாத்தா எல்லாம் கொழம்புது. கிழக்கு அப்பிடியா? முன்னால போனாலும் கிழக்குதான், பின்னால வந்தாலும் கிழக்குதான். அது பாட்டுக்குக் கெடக்கு."

ஜேசுபாதம் யோசித்தான். கடலில் தொழில் பார்க்கிற வீட்டுக்காரனுக்கு அது புரியாமல் போகுமா? "சரி, தெக்க பாத்து நிக்கிய. பின்னால வந்துக்கிட்டே கிழக்க ஒடிங்க. ஒடிங்க. போதும். இப்ப மேக்க ஒடிங்க."

வண்டி வழுக்கிக்கொண்டு வந்து நாலு கம்புக்கும் நடுவில் நின்றது. ஒரு கம்பு ஆடவில்லை. சீனித்தாய் இறங்கி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள். தான்தான் செய்தோமா என்று அவளுக்கே சந்தேகம். மறுபடி ஏறி இன்னும் மூன்று தடவை செய்தாள்.

ஆனால் டெஸ்டு எடுக்க வருகிற இன்ஸ்பெக்டர் சிவனணைந்தபெருமாளுக்குப் பெயர்தான் தமிழ், பேச்செல்லாம் இங்கிலீஷ். விறைப்பான மனுஷன். முதல் டெஸ்டில் "ரிவர்ஸ். லெஃப்ட்" என்றார். "லெஃப்டுன்னா கிழக்கயா சார், மேக்கயா?" என்று சீனித்தாய் கேட்டாள். அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் யோசித்து முடிப்பதற்குள் மூங்கில் படுத்துவிட்டது.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது செல்வதுரை, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார். அன்றைக்கு அவருக்குக் குழம்பில் உப்பு இல்லை.

ஆவணியில் பாக்கி இருந்தது ஒரே ஒரு டெஸ்டு. சீனித்தாய் ஒரு வேலை செய்தாள். கடையில் கணக்கு எழுதுகிற சாக்குக்கட்டி எடுத்துவந்து, ஸ்டீரிங்குக்கு முன்னால் பலகையில் இடது ஓரம் 'கி' என்றும் வலது ஓரம் 'மே' என்றும் பெரிதாக எழுதினாள். லெஃப்ட் என்றால் கி. ரைட் என்றால் மே. பத்து நாள் ஜேசுபாதம் இங்கிலீஷில் கத்தக் கத்த, அவள் எழுத்தைப் பார்த்து அச்சுப் பிசகாமல் நுழைத்தாள். ரெண்டு பேருக்கும் தலைகால் புரியாத சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் ரெண்டு பேருமே ஒரு விஷயத்தை மறந்துபோனார்கள்.

ஆவணிக் கடைசி நாள், டெஸ்டு நாளாக வந்தது. முந்தின நாள் ஓர் உப்பு லாரி பொட்டலின் தெற்குக் கோடியில் சக்கரம் புதைந்து நின்றுவிட்டது. அதனால் இன்ஸ்பெக்டர் கம்புகளை வடகோடியில் நடச்சொல்லியிருந்தார். இவ்வளவு நாளும் தெற்கே பார்த்துப் பழகின வண்டி இன்றைக்கு வடக்கே பார்த்து நிற்க வேண்டும். சாலைக்கு அந்தப் பக்கம், கடலை ஒட்டி, அவருடைய ஜீப் நின்றது.

சீனித்தாய் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு ஏறினாள். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். சாக்குக்கட்டி எழுத்தைப் பார்த்தார், காகிதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ரிவர்ஸ். லெஃப்ட்."

லெஃப்ட் என்றால் கி. கி என்றால் கிழக்கு. கிழக்கு எங்கே என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கையை வீசி ஸ்டீரிங்கைக் கடல் பக்கம் ஒடித்தாள். வண்டியின் பின்புறம் கம்பை விட்டு விலகி, சாலையைத் தாண்டி, ஜீப்பைப் பார்த்துப் போயிற்று.

"லெஃப்ட்! லெஃப்ட், ஐ ஸே!" என்றார் இன்ஸ்பெக்டர். அவள் இன்னும் கிழக்கே ஒடித்தாள். இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தார். ஜீப்பு ஒரு முழ தூரத்தில் நின்றது. அவ்வளவுதான், இங்கிலீஷ் எங்கே போயிற்றோ!

"ஏ தாயி! மேக்க ஒடி! மேக்க ஒடிளா! சண்டாளி, மேக்க!"

சீனித்தாய் பிரேக்கை மிதித்தாள். வண்டி நின்றது. ஜீப்புக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது.

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"சார், நீங்க எந்த ஊரு?" என்றாள் சீனித்தாய்.

"கருங்குளம்" என்றார் அவர், வேறு வழியில்லாமல். தாமிரவருணிக் கரை. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற வீட்டுப் பிள்ளை. அங்கே வாய்க்காலை வடக்கே வெட்டிவிடு, தெற்கே அடை என்பார்களே தவிர, எவனாவது லெஃப்டில் வெட்டு என்பானா?

சீனித்தாய் முந்தானையை எடுத்துப் பலகையில் இருந்த 'கி'யையும் 'மே'யையும் அழுத்தித் துடைத்தாள்.

"சார், நான் செஞ்சது தப்பு. ஒத்துக்கிடுதேன். ஆனா ரோட்டுல நான் போகும்போது லெஃப்ட், ரைட்டுன்னு கூவிக்கிட்டு எவன் சார் பக்கத்துல உக்காந்து வரப்போறான்? எடத்தைப் பாக்கணும், நிறுத்தணும், அம்புட்டுதானே? இன்னும் ஒரேயொரு தடவை. நீங்க லெஃப்டும் சொல்லாண்டாம், மேக்கயும் சொல்லாண்டாம். எங்க நிறுத்தணும்னு கையை மட்டும் காட்டுங்க. ஒரு கம்பு ஆடினாலும் நானே எறங்கி வீட்டுக்குப் போயிருதேன். இந்த வண்டி இன்னைக்குச் சாயங்காலம் அடுத்தவுகளுக்குப் போயிரும் சார்."

இன்ஸ்பெக்டர் ஜீப்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு வாயை இறுக மூடிக்கொண்டு, கையை நீட்டிக் கம்புகளைக் காட்டினார்.

வண்டியை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். கழுத்தைத் திருப்பினாள். பின்னால் வந்துகொண்டே மேற்கே ஒடித்தாள், அளவு பார்த்தாள், கிழக்கே ஒடித்தாள். தூரத்தில் ஜேசுபாதம் சிலுவை போட்டுக்கொண்டு கண்ணை மூடியிருந்தான். அவன் கண்ணைத் திறந்தபோது அம்பாசிடர் நாலு கம்புக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் இறங்கினார். கம்புக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளியை முன்னாலும் பின்னாலும் சாணால் அளந்தார். ரெண்டும் ஒன்றுபோல் இருந்தது. காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: "பாஸ். ஆனா லெஃப்ட், ரைட் படிச்சிக்கிடுங்கம்மா. மெட்ராஸ் மாதிரி ஊருக்குப் போனா கிழக்கு எங்கன்னே தெரியாது."

"கிழக்கு தெரியாத ஊருக்கு நான் எதுக்கு சார் போறேன்?" என்றாள் சீனித்தாய். அந்த விறைப்பான மனுஷன் வாய்விட்டுச் சிரித்தார்.

சாயங்காலம் கடை வாசலில் கிருபாநிதி அண்ணாச்சி வண்டியை எடுத்துப்போக ஆளோடு வந்து நின்றார். வாசலில் ஒரு பக்கம் கருப்பட்டிச் சிப்பம் ஏற்றின கைவண்டி, மறுபக்கம் அதே பழைய மாட்டு வண்டி. நடுவில் ஒரு கார் நிற்க எண்ணி அளந்த இடம். தெருமுனையில் ஆரன் சத்தம் கேட்டது. ஸ்டீரிங்கில் சீனித்தாய் இருந்தாள். பக்கத்தில் ஜேசுபாதம் கையைக் கட்டிக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தான்.

செல்வதுரை பதறிப்போய்த் தெருவில் குதித்தார். "லெஃப்ட்ல வா! ஏளா, லெஃப்ட்ல! மாடு நிக்கி!"

"கொஞ்சம் பேசாம இருக்கியளா?" என்று தலையை வெளியே நீட்டிச் சொல்லிவிட்டு, அவள் பின்னாலேயே வந்து நுழைத்தாள். மாடு தலையைக்கூடத் திருப்பவில்லை. அசை போட்டுக்கொண்டே நின்றது.

கிருபாநிதி அண்ணாச்சி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அப்பம், வண்டி விக்கிறதா இல்லையா செல்வதுரை?" என்றார்.

செல்வதுரை மாட்டைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். ஆணியில் சாவி இல்லை என்று அவருக்குத் தெரியும், இருந்தாலும் திரும்பிச் சுவரையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"வண்டி அவளுதுல்லா அண்ணாச்சி" என்றார். "அவகிட்டக் கேளுங்க."

சீனித்தாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல் எட்டிப் பின்கதவைத் திறந்துவிட்டாள்.

"விக்கல அண்ணாச்சி. ஏறுங்க, உங்க கடையில கொண்டு விடுதேன். நீங்களும் ஏறுங்க" என்றாள் புருஷனிடம், "வடக்க தள்ளி உக்காருங்க, அண்ணாச்சிக்கு எடம் வேணும்."